பல்லுக்குக் கிளிப்: கம்பிக்குக் கொடுக்கும் காசும் ரீடெய்னருக்குக் கொடுக்காத காசும்

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் கிளிப் விலை விசாரித்தாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். மெட்டல் கிளிப் என்றால் 25,000 முதல் 50,000 ரூபாய். செராமிக் என்றால் 40,000-க்கு மேல். கம்பியே இல்லாமல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டான அலைனர் என்றால் லட்சத்தை ஒட்டித் தொடங்கி மேலே போகும். மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வருபவர்கள்தான் ஒன்றரை வருடம் கழித்து, கிளிப் கழற்றியபின் பல் நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னரைப் பார்த்து "இதுக்குத் தனியா காசா?" என்று கேட்க நேர்கிறது. கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுதான் பிராக்கெட். ஒரு வாய்க்கான சாதாரண மெட்டல் பிராக்கெட் செட்டின் அடக்கவிலை சில நூறிலிருந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதித் தொகை எல்லாம் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் இருபது, இருபத்தைந்து முறை அந்த நாற்காலியில் போய் உட்காருவதற்கான காசு. அதனால் எந்தக் கிளிப் நல்லது என்பதைவிட, அந்த இருபது முறையும் அதே டாக்டர் அங்கே இருப்பாரா என்பதே பெரிய கேள்வி.

நம் பக்கத்தில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. பல் டாக்டர் எல்லோரும் பி.டி.எஸ். படித்தவர்கள். பல்லை நகர்த்தும் வேலைக்கென்று அதற்குமேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் படித்தவர் தனி. சிறிய ஊர்க் கிளினிக்குகளில் அவர் பெரும்பாலும் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வெளியூரிலிருந்து வந்துபோகும் ஸ்பெஷலிஸ்ட். அது குறையில்லை, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவர் முகம் பார்த்தால் போதும். அவர் வராத மாதங்களில் கம்பியை யார் மாற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம். முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்பெஷலிஸ்ட் எந்தத் தேதிகளில் வருகிறார்? அவர் வராதபோது பிராக்கெட் கழன்றால் யார் ஒட்டுவார்? ரீடெய்னர் இந்தத் தொகைக்குள் வருகிறதா, வெளியேயா? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் அந்த இடத்தை நம்பலாம். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மதுரைக்கே போய்விடலாமே என்று யோசிப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டருக்குப் பக்கம். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து தீவுக்காரர்களுக்கு மறுபடி ரயில் இருக்கிறது. ஆனாலும் இருபது தடவை போய்வருவது என்றால் பள்ளிக்கூடத்துக்கு இருபது நாள் லீவு. ராமநாதபுரத்திலேயே ஒழுங்காக வந்துபோகும் ஸ்பெஷலிஸ்ட் கிடைத்தால் சாதாரணக் கேஸுக்கு அதுவே மேல். தாடை அறுவை சிகிச்சை வரை போகக்கூடிய கேஸ், அன்னப்பிளவுக் கேஸ் என்றால் பெரிய ஊர்தான் சரி. பட்டமேற்படிப்பு நடக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறையும், காத்திருப்பு கூடும். வேலை மாணவர் கையில், மேற்பார்வை பேராசிரியருடையது. அந்த மாணவர் மூன்று வருடம் முடித்துப் போய்விட்டால் கேஸ் அடுத்தவர் கைக்கு மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். தொண்டிப் பக்கத்தவர்கள் அங்கே கிளிப் போடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் புறப்படலாம்.

முதல் நாளே கிளிப் ஒட்டுகிறோம் என்று சொல்லும் இடத்தை விட்டுவிடலாம். ஒட்டுவதற்கு முன் எடுக்க வேண்டியவை இவை: எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம், பல்லின் அச்சு அல்லது ஸ்கேன், முகமும் வாயும் தெரியும் போட்டோக்கள். ஓ.பி.ஜி. எடுக்காமல் கிளிப் போடுவது அஸ்திவாரம் பார்க்காமல் மாடி எழுப்புவது மாதிரி. ஈறுக்குள் படுத்துக் கிடக்கும் கோரைப்பல், பிறவியிலேயே இல்லாத பல், வேர்நுனியில் சீழ் எல்லாம் அதில்தான் தெரியும். செஃபலோகிராம் சொல்லுவது வேறு. எத்துப்பல்லுக்குக் காரணம் பல்லா தாடையா என்று அது காட்டும். தாடைதான் காரணம், பிள்ளை இன்னும் வளர்கிறது என்றால் ட்வின் பிளாக் மாதிரிக் கழற்றி மாட்டும் சாதனத்தால் வளர்ச்சியைத் திருப்பிவிட முடியும். பெண்பிள்ளைகளுக்குப் பத்து வயதிலிருந்து பதிமூன்று, பையன்களுக்கு ஓரிரு வருடம் தள்ளி. "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருந்து இந்த வாய்ப்பைத் தொலைப்பவர்கள் நிறைய. ஏழு வயதில் ஒருமுறை காட்டிவிட்டு வருவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பெரும்பாலும் "இப்போது ஒன்றும் வேண்டாம்" என்றுதான் அனுப்புவார்கள்.

நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்கிறார்களே என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. கோரைப்பல்லுக்கு அடுத்த சின்னக் கடைவாய்ப்பல் ஒவ்வொன்றும் சுமார் ஏழு மில்லிமீட்டர் இடம் பிடிக்கிறது. தெத்துப்பல் அதிகம், அல்லது உதடு மூட முடியாத அளவுக்கு முன்பல் எடுப்பு என்றால் அந்த இடம் தேவைப்படும், நான்கை எடுப்பது வழக்கம். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நெருக்கத்துக்குப் பல் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பல்லுக்குப் பல் இடையில் கால் மில்லிமீட்டர் தேய்த்தோ, பல்வரிசையின் வளைவை விரித்தோ சமாளிக்க முடியாதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஒட்டும் நாள்

இருக்கிற வகைகளில் இந்தக் கடற்கரைக்கு மெட்டல் கிளிப்தான் எங்கள் முதல் பரிந்துரை. மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உடைந்தால் ஒட்டலாம், தொலைந்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும், எந்த ஊர் ஆர்த்தோடான்டிஸ்ட்டும் பார்த்ததும் புரிந்துகொண்டு தொடரலாம்.

ஒட்டும் வேலையைக் கவனித்தாலே கை சுத்தமா என்று தெரிந்துவிடும். பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கன்னத்தை விலக்கும் பிளாஸ்டிக் மாட்டுவார்கள். நீல நிற ஜெல் ஒன்றைத் தடவுவார்கள், 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம். அரை நிமிடம் வைத்துக் கழுவி, காற்றடித்து உலர்த்தினால் பல்லின் மேற்பரப்பு அரைத்த கண்ணாடி மாதிரி வெள்ளையாக மங்கித் தெரிய வேண்டும். அந்த மங்கல் வந்தால்தான் பசை பிடிக்கும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் மறுபடி அமிலத்திலிருந்து தொடங்க வேண்டும். அவசரத்தில் துடைத்துவிட்டு ஒட்டினால் அந்தப் பிராக்கெட் இரண்டு வாரத்தில் கையோடு வரும். கடைசிக் கடைவாய்ப்பல்லில் இது அடிக்கடி நடக்கும், எச்சில் தேங்கும் இடம் அது. அதனால் சில டாக்டர்கள் அங்கே ஒட்டாமல் வளையம் மாட்டுவார்கள். அதற்குச் சில நாள் முன்பே பல்லிடுக்கில் சின்ன ரப்பர் வளையம் சொருகி இடம் உண்டாக்குவார்கள். ஃப்ளோரைடு கறை படிந்த பல்லில் அமிலம் சரியாக ஏறாது. அப்படிப்பட்ட பல் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, ஒட்டும் முறையை மாற்றச் சொல்ல வேண்டும்.

பிராக்கெட்டின் நடுவில் கம்பி படுக்கும் காடி இருக்கும், அகலம் 0.022 அங்குலம் என்பது இங்கே பரவலான அளவு. முதல் சில மாதம் அதில் ஓடுவது 0.014, 0.016 அங்குல நிக்கல்-டைட்டானியம் கம்பி. எப்படி வளைத்தாலும் தன் வடிவத்துக்கே திரும்பும் குணம் அதற்கு. அந்தத் திரும்பல்தான் பல்லை மெல்ல இழுக்கிறது. பல் நேரானபின் செவ்வக வடிவ ஸ்டீல் கம்பி, அநேகமாக 0.019 பெருக்கல் 0.025, அதன் மேல்தான் இடைவெளியை மூடுவார்கள். மூடும் வேகம் மாதம் ஒரு மில்லிமீட்டர் அளவு. அவசரப்பட்டு அதிக இழுப்புக் கொடுத்தால் வேகம் கூடாது, குறையும். மிதமாக அழுத்தும்போது பல்லின் வேரைச் சுற்றியுள்ள சவ்வில் ஒரு பக்கம் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புது எலும்பு கட்டுகிறது. நசுக்கிவிட்டால் அந்த இடத்துக்கு ரத்தமே போகாது, எலும்பும் கரையாது, வேர்நுனிதான் தேயும். ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து வேரைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். "ஆறே மாசத்துல முடிச்சிடலாம்" என்ற போர்டைப் பார்த்தால் முன்பல் வரிசை மட்டுமா, கடிப்பும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செராமிக், அலைனர், மற்றவை

செராமிக் பிராக்கெட் கறை பிடிக்காது, அது உண்மை. அதைக் கட்டும் நிறமில்லாத ரப்பர் வளையம் கறை பிடிக்கும், இதை யாரும் சொல்வதில்லை. மஞ்சளும் முண்டு மிளகாயும் போட்ட மீன்குழம்பு இரண்டு வேளை போதும், வாய் முழுக்க மஞ்சள் வளையம். அடுத்த விசிட் வரை அதைக் கழுவ முடியாது. குழம்பை விட முடியாதவர்கள் சாம்பல் நிற வளையமோ கட்டும் கம்பியோ கேட்டு வாங்கலாம். இன்னொன்று, செராமிக் பல்லின் எனாமலைவிடக் கடினம். மேல்பல் கீழ்ப்பல்லை மூடிக் கடிக்கிறவர்களுக்குக் கீழ்வரிசையில் செராமிக் போட்டால் மேல்பல் தேயும். கழற்றும்போது உடைந்து சிதறும், சிலசமயம் எனாமலும் பெயரும். மேல் ஆறு பல்லுக்கு செராமிக், மீதிக்கு மெட்டல் என்பது நியாயமான நடுவழி. ஆனால் அதற்காகப் பாதிக்குப் பாதி விலை ஏற்றினால் வேண்டாம்.

ரப்பர் வளையமே வேண்டாத, கதவு வைத்த செல்ஃப் லைகேட்டிங் பிராக்கெட்டை "சீக்கிரம் முடியும், வலிக்காது" என்று விற்கிறார்கள். இதுவரை வந்த ஆய்வுகளில் மொத்த காலம் குறைந்ததாக நிரூபணம் இல்லை. கம்பி மாற்றும் நேரம் சில நிமிடம் மிச்சம், டாக்டருக்கு.

அலைனர் நல்ல பொருள்தான், எல்லோருக்கும் நல்லதில்லை. ஒவ்வொரு தட்டும் கால் மில்லிமீட்டர் வரை நகர்த்தும், ஏழிலிருந்து பதினான்கு நாளுக்கு ஒன்று மாற்ற வேண்டும், நாளுக்கு 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பாடு, டீ, பல் துலக்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம்தான் மீதி. மணிக்கொரு டீ குடிக்கும் ஆளுக்கு இது ஒத்துவராது. போட்டபடியே சூடான டீ குடித்தால் தட்டு வளையும், சர்க்கரை உள்ளே தேங்கிப் பல் கரையும். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் தட்டு வாயிலேயே கிடக்கும், அது வசதி. இஃப்தார் தொடங்கி சஹர் வரை கொறித்துக்கொண்டே இருந்தால் அந்த வசதி போய்விடும். லேசான நெருக்கம், சிறு இடைவெளி, முன்பு கிளிப் போட்டுக் கழற்றிப் பிறகு சற்றே கலைந்த பல் இவற்றுக்கு அலைனரைத் தாராளமாக எடுக்கலாம். நாலு பல் எடுத்து மூட வேண்டிய கேஸுக்கு அனுபவமுள்ள கை இல்லாமல் எடுக்காதீர்கள். வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பினால் தபாலில் தட்டு வரும் திட்டத்தை முழுக்கத் தவிர்க்கலாம். அமெரிக்காவில் அதே முறையில் பெரிதாக வளர்ந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவாயிலேயே நின்றுபோனார்கள். எக்ஸ்ரே இல்லாமல், ஈறைத் தொட்டுப் பார்க்காமல் பல்லை நகர்த்தினால் என்ன ஆகும் என்பது கம்பெனி மூடாவிட்டாலும் தெரிந்த கதைதான்.

சாப்பாட்டுத் தட்டிலிருந்து கழன்று வருவது

கம்பி மாற்றியபின் நாலைந்து மணி நேரத்தில் வலி தொடங்கும், மறுநாள் உச்சம், மூன்று நான்கு நாளில் தணியும். பாராசிட்டமால் போதும். அந்த நாட்களுக்கு நோன்புக் கஞ்சியைவிடப் பொருத்தமான உணவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மெல்ல வேண்டாம், வயிறு நிறையும். நுங்கு, இடியாப்பம், முள் எடுத்த மீன், வட்டிலப்பம் எல்லாம் சரி. வட்டிலப்பத்தில் கருப்பட்டி உண்டு, சாப்பிட்டதும் வாய் கொப்பளித்துத் துலக்க வேண்டும்.

தொதல் அல்வா அப்படியில்லை. அதன் ஒட்டும் குணம் பிராக்கெட்டோடு மல்லுக்கட்டும், பெரும்பாலும் தொதல்தான் ஜெயிக்கும். கடலை மிட்டாய், கரும்பு, முறுக்கு, முழுக் கொய்யா, ஆட்டெலும்பு எல்லாம் இரண்டு வருடத்துக்கு விலக்கு. நண்டைச் சாப்பிடலாம், ஓட்டைப் பல்லால் உடைக்கக் கூடாது, அம்மிக்குழவி எதற்கு இருக்கிறது? பனங்கிழங்கு தனிப் பிரச்சினை. கடினத்தைவிட அதன் நார்தான் தொல்லை, கம்பிக்குள் சுற்றிக்கொண்டால் தூரிகையால் வராது. ஒடித்து, நடு நரம்பை உருவி, துண்டு துண்டாகக் கடைவாயில் வைத்து மென்றால் சரி. மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி முள் கம்பிக்கும் ஈறுக்கும் நடுவே குத்தி நிற்கும், கவனிக்காவிட்டால் இரண்டு நாளில் ஈறு வீங்கும்.

பிராக்கெட் அடிக்கடி கழல்கிறதென்றால் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. ஒரே பல்லில் மூன்றாவது முறை கழன்றால் பெரும்பாலும் எதிர்ப்பல் அதன்மேல் இடிக்கிறது என்று பொருள். கடைவாய்ப்பல் மேல் சிறிது பசையோ நீலநிறச் சிமெண்டோ வைத்துக் கடியை உயர்த்தினால் நின்றுவிடும். அதைச் செய்யாமல் "பிள்ளை ஒழுங்கா சாப்பிடலம்மா" என்று ஒவ்வொரு தடவையும் ஒட்டுக்கூலி வாங்கினால் கேள்வி கேளுங்கள்.

பின்பக்கக் கம்பி நீண்டு கன்னத்தைக் குத்தினால் மெழுகை அரிசியளவு உருட்டி, கம்பி நுனியைத் துடைத்து உலர்த்தி, மேலே அமுக்கி வைக்க வேண்டும். ஈரத்தில் மெழுகு நிற்காது. கடையில் தனியாக வாங்கத் தேவையில்லை, ஒட்டிய அன்றே கிளினிக்கில் ஒரு டப்பா கேட்டு வாங்குங்கள். பிராக்கெட் கழன்று கம்பியில் தொங்கினால் பிடுங்காமல் அப்படியே விட்டு, ஒன்றிரண்டு நாளில் போகலாம். விழுந்துவிட்டால் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் சத்தமில்லாமல் வருவது. கிளிப் கழற்றிய அன்று பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல் வெள்ளைத் தழும்பு. பல் நேராகியிருக்கும், எனாமல் கரைந்திருக்கும், அது பழைய நிறத்துக்கு முழுதாகத் திரும்புவது அரிது. சரியாகத் துலக்காத வாயில் இது ஒரே மாதத்தில் தொடங்கிவிடும். 1000 பி.பி.எம். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், நடுவில் பள்ளம் வைத்த ஆர்த்தோ பிரஷ், கம்பிக்கடியில் நுழைக்கும் சின்னப் புட்டித் தூரிகை மாதிரியான இன்டர்டென்டல் பிரஷ், இரவு படுக்குமுன் ஃப்ளோரைடு மவுத்வாஷ். துலக்கும் முறை: பிராக்கெட்டுக்கு மேலே சாய்த்து ஒரு சுற்று, கீழே சாய்த்து ஒரு சுற்று, பிறகு சின்னத் தூரிகை. ஐந்து நிமிடம் ஆகும். பெரும்பாலான மூலிகைப் பேஸ்டிலும் உப்பு, கரி சேர்த்த பொடியிலும் ஃப்ளோரைடு இல்லை, அட்டையைப் படித்து வாங்குங்கள்.

சின்ன ரப்பர் மாட்டச் சொன்னால் அது சிகிச்சையின் பாதி. எத்துப்பல்லுக்கு மேல் கோரைப்பல்லிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு, கீழ்த்தாடை முந்தி நிற்பவர்களுக்குத் தலைகீழாக. நாளைக்கு 20 மணி நேரமாவது, தினம் புதுசு. ஒரு நாள் மறந்ததற்காக மறுநாள் இரண்டாகச் சேர்த்து மாட்டக் கூடாது. கண்ணாடி முன் நின்று பழகிவிட்டால் பிறகு பஸ்ஸில் உட்கார்ந்துகூட மாட்டலாம். பாக்கெட் தீர்வதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வைக்க வேண்டும், அதே அளவு, அதே எடை. பாக்கெட்டின்மேல் போட்டிருக்கும் மிருகப் படத்தையோ எண்ணையோ போட்டோ எடுத்து வைத்தால் குழப்பம் வராது.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதிகமுள்ள கீழக்கரை, பனைக்குளம், தொண்டி மாதிரி ஊர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லீவில் வந்த இரண்டு மாதத்தில் கிளிப் ஒட்டிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். அங்கே இருக்கும் டாக்டர் பாதியில் வந்த கேஸை எடுக்கத் தயங்குவார், எடுத்தாலும் புதிதாகக் காசு வாங்குவார். அப்படியும் போகவேண்டி வந்தால் ஒட்டுவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே, போட்டோ, அச்சு, பிராக்கெட் வகையும் காடி அளவும் எழுதிய கடிதம், இதுவரை கட்டிய தொகையின் ரசீது இவ்வளவும் கையில் இருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, பள்ளி விடுமுறையோடு வருவதால் பிள்ளைகளுக்கு ஒட்ட வசதியான நேரம். ஆனால் வீட்டில் வரும்படி இல்லாத நேரமும் அதுதான். மாதத் தவணையில் அந்த இரண்டு மாதத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று முதல் நாளே பேசுங்கள். பல கிளினிக்குகள் ஒத்துக்கொள்ளும்.

ரீடெய்னர்

கம்பி கழற்றிய அன்று பல் நேராக இருக்கிறது, அவ்வளவுதான், அது அங்கே நிற்கும் என்று அர்த்தமில்லை. ஈறில் உள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம் வரை ஆகும், சுழன்றிருந்த பல்லைத் திருப்பியிருந்தால் இன்னும் அடம். அதுவரை பிடித்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகும், கிளிப்பே போடாதவர்களுக்குக்கூட வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கிக்கொள்ளும். ஞானப்பல்தான் தள்ளுகிறது என்பார்கள், ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கழற்றும் நாளுக்கும் ரீடெய்னர் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே ஒரு வாரம் இடைவெளி விட்டால் அதற்குள்ளேயே பல் அசைந்து, ரீடெய்னர் இறுக்கமாக உட்காரும். அன்றைக்கே, அல்லது மறுநாள் என்று கேட்டு வாங்குங்கள்.

ரீடெய்னர் மூன்று வகை. ஹாலி என்பது அண்ணத்தில் உட்காரும் அக்ரிலிக் தட்டும் முன்பல்லை அணைக்கும் ஸ்டீல் கம்பியும். பேச்சு ஒரு வாரம் குழறும், கம்பி வெளியே தெரியும். ஆனால் ஒழுங்காக வைத்தால் பல வருடம் உழைக்கும், தளர்ந்தால் இடுக்கியால் இறுக்கலாம். இந்தப் பக்கத்து வெயிலுக்கும் அதுவே தாங்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் எசிக்ஸ் தட்டு பார்க்க அழகு, பேச்சும் குழறாது, ஒன்று இரண்டு வருடத்தில் விரிசல் விடும், இரவில் பல் கடிப்பவர்களுக்கு அதற்கும் முன்பே. கீழ் ஆறு பல்லுக்கு உட்பக்கம் ஒட்டும் முறுக்குக் கம்பி மூன்றாவது. மாட்டும் ஞாபகமே வேண்டாம் என்பது அதன் பலம். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுப்போனால் தெரியாது, அந்தப் பல் மட்டும் வெளியே நடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரல் நகத்தால் ஒவ்வொரு பல்லிலும் தட்டிப் பார்த்து, காறையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே ஒட்டிய கம்பி, மேலே ஹாலி: இந்தச் சேர்க்கைதான் எங்கள் தேர்வு. ஒட்டிய கம்பியைக் கிளிப்பின் விலையிலேயே சேர்க்கச் சொல்லிப் பேரம் பேசலாம், மேல் ரீடெய்னர் உபரியாக இன்னொன்றும் கேட்கலாம். உபரியின் விலை, தொலைத்துவிட்டுப் பல் கலைந்து மறுபடி கம்பி போடும் விலையில் சிறு துண்டு.

மாட்டும் கணக்கு: முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் சாப்பிடும் நேரம் தவிர முழுநேரம், பிறகு இரவு மட்டும். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டால், பல் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் வருடங்களுக்கு. ஒரு வாரம் விட்டுவிட்டு மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகர்ந்திருக்கிறது, மறுபடி முழுநேரத்துக்குத் திரும்பினால் பெரும்பாலும் சரியாகும். முழுதாக உட்காரவே இல்லையென்றால் அமுக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

கழுவுவது பச்சைத் தண்ணீரில், மென்மையான பிரஷில், பேஸ்ட் இல்லாமல். பேஸ்டின் துகள் எசிக்ஸ் தட்டைக் கீறி மங்கலாக்கும். சுடுதண்ணீர் கூடவே கூடாது, இரண்டு நிமிடத்தில் நெளிந்துவிடும். கடுத்த கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் சில வாரத்தில் வெண்காறை படியும், வெள்ளை வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். மதிய வெயிலில் பைக் பாக்ஸிலோ கார் டேஷ்போர்டிலோ வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருப்பது பல்லின் அச்சு இல்லை, வேறெதோ ஒரு வளைவு.

கடலில் குளிக்கும்போது கழற்றி வையுங்கள். அக்னி தீர்த்தத்தில் முங்கி எழும்போது வாயிலிருந்து நழுவினால் எசிக்ஸ் கண்ணுக்கே தெரியாது. அதைவிட அதிகமாகத் தொலைவது கல்யாணப் பந்தியில். பிரியாணி வந்ததும் கழற்றி, டிஷ்யூவில் மடித்து, இலையோரமாக வைப்பார்கள். எழும்போது இலையை மடிப்பார்கள். பந்தி முடிந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடும்போது எல்லா டிஷ்யூவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரீடெய்னரோடு கொடுக்கும் டப்பாவுக்குக் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிறம் சிவப்போ ஆரஞ்சோ இருக்கட்டும், சட்டைப் பையில் அடங்கும் அளவு.